பத்து ரூபாய்க்கு ஒரு படம்

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. யாரும் சொல்லாமலே காலண்டர் தாள்களின் பின்பக்கமெல்லாம் படம் வரைந்து தள்ளுவாள். கோடை விடுமுறையில் கைப்பேசியை மறக்கடிப்பதற்காக, ஒரு படத்துக்குப் பத்து ரூபாய் தருவதாகச் சொன்னோம். முதல் வாரம் படங்கள் குவிந்தன. பள்ளி திறந்ததும் காசை நிறுத்தினோம். இப்போது ஸ்கெட்ச் பேனாவைத் தொடுவதே இல்லை. கேட்டால், "வரைஞ்சா எவ்வளவு தருவே?" என்கிறாள். எங்கே பிசகினோம்?
- வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் வீட்டில் நடந்ததையே அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய உளவியலாளர் மூவர் சோதித்துப் பார்த்து, 1973-இல் வெளியிட்டார்கள். ஸ்கெட்ச் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே ஆசை கொண்டிருந்த, மூன்று முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளை மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பிரிவினரிடம், வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் கொண்ட சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பிரிவினருக்கு எதுவும் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவினருக்கு ஒன்றும் இல்லை. ஓரிரு வாரங்கள் கழித்து வகுப்பில் பேனாக்களைச் சும்மா வைத்துவிட்டுக் கவனித்தபோது, பரிசுக்காக வரைந்தவர்கள் மற்றவர்கள் செலவிட்டதில் ஏறக்குறைய பாதி நேரமே வரைந்தார்கள். பரிசுக்காக வரைந்த படங்களின் தரமும் குறைவாகவே இருந்தது. அந்த முதல் வாரத்துப் படங்கள் இருந்தால் எடுத்துப் பாருங்கள். இரண்டு மலை, நடுவில் ஒரு சூரியன் என்று அவசரத்தில் முடித்தவையே அதிகம் இருக்கும் என நினைக்கிறேன்.

எதிர்பாராமல் சான்றிதழ் பெற்ற குழந்தைகளின் ஆர்வம் சிறிதும் குறையவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆகவே பிசகு பத்து ரூபாயில் இல்லை. "வரைந்தால் தருவேன்" என்ற பேரத்தில் இருக்கிறது. நாம் ஏன் இதைச் செய்கிறோம் என்பதற்கு அதுவரை "பிடித்திருக்கிறது" என்ற ஒரே விடையை வைத்திருந்த குழந்தைக்கு, நீங்கள் இன்னொரு விடையைக் கொடுத்துவிட்டீர்கள். பிறகு அந்த விடையைத் திரும்பப் பெற்றும் கொண்டீர்கள்.

காசை மறுபடி தொடங்காதீர்கள்; வரையச் சொல்லி வற்புறுத்தவும் வேண்டாம். தாளையும் பேனாவையும் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டு, நீங்களே உட்கார்ந்து கோணல்மாணலாக ஒரு பூனையை வரையுங்கள். அவள் திருத்த வந்தால் பேனாவைக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: மென்பொருள் சோதனைக் குழு ஒன்றுக்குத் தலைவராக இருக்கிறேன். கண்டுபிடிக்கும் ஒவ்வொரு பிழைக்கும் ஊக்கத்தொகை தரலாம் என்கிறது நிர்வாகம். பெரியவர்களுக்கும் இதே கதைதானா?
- வாசகர், கோவை

பதில்: பெரும்பாலும் அதேதான். 1971-இல் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டெசி கல்லூரி மாணவர்களுக்கு சோமா என்ற கட்டைப் புதிரைக் கொடுத்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் தீர்த்த புதிருக்கு ஒரு டாலர் வீதம் தந்தார்; பணம் நின்றதும், ஓய்வு நேரத்தில் அவர்கள் புதிரைத் தொடுவது குறைந்தது. இதை மறுக்கும் உளவியலாளர்களும் உண்டு. ஆனால் 1999-இல் டெசியும் வேறு இருவரும் 128 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, முன்கூட்டிச் சொல்லித் தரப்படும் பொருள் பரிசு, விருப்பமான வேலையில் ஆர்வத்தைக் குறைப்பதும், பாராட்டுச் சொல் அப்படிக் குறைக்காததும் தெரிந்தன. முதலிலேயே சலிப்பூட்டும் வேலையில் இழப்பதற்கு ஆர்வம் என்று ஒன்றும் இல்லாததால், அங்கே ஊக்கத்தொகையால் இந்தக் கேடு இல்லை.

இதைக் காட்டி யாருடைய சம்பளத்திலும் கைவைத்துவிட வேண்டாம். நியாயமான ஊதியம் வேறு, எண்ணிக் கொடுக்கும் கூலி வேறு. பிழைக்கு இவ்வளவு என்று விலை வைத்தால், இரண்டு நாள் மெனக்கெட்டு ஆழமான ஒரு பிழையைத் துருவி எடுப்பவர், திரையில் உள்ள எழுத்துப்பிழைகளை எண்ணத் தொடங்கிவிடுவார். ஆண்டு முடிவில் குழு முழுவதற்கும் போனஸ் கேளுங்கள். நல்ல பிழையைப் பிடித்தவரிடம், அதை எப்படிப் பிடித்தார் என்று மற்றவர்கள் முன் விளக்கச் சொல்லுங்கள்.