புதிய பக்கம் மட்டும் ஏன் போய்ச் சேரவில்லை?

கேள்வி: எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர்களுக்கான இணையத்தளத்தை நானும் ஈப்போவில் உள்ள நண்பரும், கோப்புகளின் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கிட் மென்பொருளைக் கொண்டு பராமரித்து வருகிறோம். பழைய பக்கங்களைத் திருத்தி, புதிய பக்கம் ஒன்றை எழுதி, படங்களுக்காகக் காலியான கோப்புறை ஒன்றையும் உருவாக்கினேன். பிறகு மாற்றங்களைப் பதிவாக்கும் ‘கிட் கமிட் -ஏ’ கட்டளையைக் கொடுத்து, அந்தப் பதிவுகளை இணையத்தில் வைத்துப் பகிரும் தளமான கிட்ஹப்புக்கு அனுப்பினேன். திருத்தங்கள் மட்டுமே நண்பருக்குக் கிடைத்தன. காரணம் என்ன, ஐயா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: ‘-ஏ’ என்ற தெரிவு, கிட் ஏற்கெனவே கண்காணித்து வரும் கோப்புகளில் நேர்ந்த மாற்றங்களையும் நீக்கங்களையும் மட்டுமே கமிட்டில் சேர்க்கும். புதிய கோப்பு கணினியில் இருப்பதாலேயே கிட்டின் கணக்கில் வந்துவிடாது. ‘கிட் ஆட்’ என எழுதி, அதையடுத்துக் கோப்பின் பெயரையும் கொடுத்த பின்னரே அது அடுத்த கமிட்டுக்குக் காத்திருக்கும். ‘கிட் ஸ்டேட்டஸ்’ கொடுத்திருந்தால், உங்கள் புதிய பக்கம் கண்காணிக்கப்படாதவற்றின் பட்டியலில் தெரிந்திருக்கும்.

கிட்டைப் போன்ற மற்றொரு மென்பொருளான சப்வெர்ஷனில் பழகியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அங்கே ஒருமுறை சேர்த்த கோப்பில் பிறகு செய்யும் திருத்தங்களும் கமிட்டில் தாமாகவே சேரும். கிட்டிலோ, ‘ஆட்’ கொடுத்த நொடியில் கோப்பு இருந்த நிலைதான் பதிவாகும். பால் நிறுக்கும் இடத்தில் கிராணி எடையை எழுதிய பிறகு வாளியில் ஊற்றிய பால் கணக்கில் ஏறாதல்லவா? அதுபோல, சேர்த்த பின் திருத்தினால், ‘-ஏ’ இல்லாமல் கமிட் செய்யும்போது மீண்டும் ‘ஆட்’ கொடுக்க வேண்டும்.

காலிக் கோப்புறைகளைக் கிட் பதிவு செய்வதே இல்லை. உள்ளே ஏதேனும் ஒரு சிறு கோப்பை வைத்துச் சேர்த்தால் கோப்புறையும் போய்ச் சேரும். விழாக் காணொளிகளையும் அதில் வைக்க எண்ணினால், 100 மெகாபைட்டைத் தாண்டும் கோப்பைக் கிட்ஹப் ஏற்காது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

‘கிட் ஆட்’ எழுதி ஒரு புள்ளி வைத்தால், நீங்கள் நிற்கும் கோப்புறையிலுள்ள எல்லாக் கோப்புகளும் ஒருசேரச் சேரும். வசதிதான், ஆயினும் முன்னாள் மாணவர்களின் அடையாள அட்டை எண்கள் அடங்கிய பட்டியலும், கடவுச்சொல் கோப்பும் அதே இடத்தில் இருக்குமானால், நான் அந்தப் புள்ளியைப் பரிந்துரைக்க மாட்டேன். கமிட் செய்து அனுப்பிய பிறகு கோப்பை நீக்கினாலும் பழைய பதிவுகளில் அது அப்படியே இருக்கும். அத்தகைய கோப்புகளின் பெயர்களை, எவற்றைச் சேர்க்கக் கூடாது என்று கிட்டுக்குச் சொல்லும் ‘.கிட்இக்னோர்’ கோப்பில் முன்கூட்டியே எழுதி வையுங்கள். ஏற்கெனவே கண்காணிப்பில் உள்ள கோப்பை அது தடுக்காது.