அல்காரிதமிக் ஆர்ட்னா என்ன, வேரா மோல்னார் அதுல என்ன பண்ணாங்க?

ஓவியர் நேரா கோடு போடாம, கோடு எப்படிப் போகணும்ங்கிற விதிய எழுதி, அதுபடி படம் வர வைக்கிறதுதான் அல்காரிதமிக் ஆர்ட். இதுல முதல் தலைமுறை ஆள் வேரா மோல்னார். 1924ல புடாபெஸ்ட்ல பிறந்தவங்க, 1947ல பாரிஸ் போய் அங்கேயே தங்கிட்டாங்க. கம்ப்யூட்டர் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே, 1959ல இருந்து, "கற்பனை மெஷின்"னு ஒண்ண மனசுல வச்சுக்கிட்டு தனக்குத்தானே விதி போட்டு கையாலயே வரைஞ்சாங்க, எவ்ளோ பொறுமை பாருங்க!

1968லதான் நிஜ கம்ப்யூட்டர். ஃபோர்ட்ரான்ங்கிற புரோகிராமிங் மொழிய கத்துக்கிட்டு, பஞ்ச் கார்டுல, அதாவது ஓட்டை போட்ட அட்டையில, புரோகிராம் போட்டாங்க, ஆரம்பத்துல திரை கூட கிடையாது, பிளாட்டர்ங்கிற வரையுற மெஷின் பேனாவால வரைஞ்சு முடிச்சாதான் என்ன வந்திருக்குன்னே தெரியும்.

எதுக்கு இவ்ளோ பாடு? நம்ம கை பழகின வழியிலயே போகும், மெஷினுக்கு அந்தப் பழக்கம் இல்ல, அதோட விதியில ஒரே ஒரு நம்பர மாத்தினா புதுப் படம் வரும், பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கலாம். தாயம் மாதிரிதான், கட்டமும் விதியும் மாறாது, ஆனா தாயக்கட்டை எப்படி விழும்னு யாருக்கும் தெரியாது, அதனால ஒவ்வொரு ஆட்டமும் வேற. 1974ல அவங்க பண்ண சதுர வரிசைகளப் பாருங்க, சதுரத்துக்குள்ள சதுரம், மூலைங்க லேசா விலகியிருக்கும், தாளே நடுங்குற மாதிரி இருக்கும். எனக்கு அதுதான் அவங்களோட பெஸ்ட்.

நிறைய பேர் இத இப்போ வர்ற ஏஐ படத்தோட குழப்பிக்கிறாங்க. ஏஐ லட்சக்கணக்கான படங்களப் பார்த்துக் கத்துக்குது, இங்க மெஷின் எதையும் கத்துக்கல, விதி எழுதினதும் வந்ததுல எது நல்லாருக்குன்னு பொறுக்கினதும் மோல்னார்தான்.