நேர்மையாக வாழ்வது அடிமைப் புத்தியா?

கேள்வி: "நன்மை, தீமை என்பவையெல்லாம் பலவீனர்கள் தங்கள் இயலாமையை மறைக்கக் கட்டிய கதை என்கிறார் ஜெர்மன் தத்துவவாதி நீட்சே. அப்படியென்றால் சொன்ன சொல் தவறாமல் நேர்மையாக வாழ்வது அடிமைப் புத்திதானே?"

அநேகமாக நீங்கள் கல்லூரியில் படிப்பவராகவோ அண்மையில் வேலையில் சேர்ந்தவராகவோ இருப்பீர்கள். "நல்ல பிள்ளையாக இரு" என்பதை வீட்டில் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன நேரத்தில் நீட்சே கையில் கிடைத்திருப்பார். அந்தச் சலிப்பில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் "அடிமைப் புத்தி" என்ற சொல்லைப் பார்த்த பிறகு என்னால் பேசாமல் கடந்து போக முடியவில்லை. என் அப்பா கிருஷ்ணகிரியை அடுத்த காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் ஒருவருடைய மாந்தோப்பில், வாங்கிய கடனுக்காகப் பல வருடங்கள் பண்ணையாளாக உழைத்தவர்.

முதலில் நீட்சே சொன்னதைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். அறநெறிகளின் பூர்விகத்தை ஆராய்ந்து அவர் 1887இல் வெளியிட்ட நூலில் (ஆங்கிலத்தில் On the Genealogy of Morals) மூன்று கட்டுரைகள் உண்டு. மேல்நிலையில் இருந்தவர்கள் தங்களையே "நல்லவர்" என்று அழைத்துக்கொண்டார்கள், கீழே இருந்தவர்கள் எதிர்த்து நிற்க முடியாத வன்மத்தில் அந்த மதிப்பைத் தலைகீழாக்கி, வலியவனைத் தீயவன் என்றும் தங்கள் பணிவை நற்குணம் என்றும் பெயரிட்டார்கள் என்பது முதல் கட்டுரை. உங்கள் கேள்வி அதோடு நின்றுவிட்டது. இரண்டாம் கட்டுரை கடனைப் பற்றியது. குற்றவுணர்வும் மனசாட்சியும் கடன் கொடுத்தவனுக்கும் வாங்கியவனுக்கும் இடையிலான பழைய உறவிலிருந்து முளைத்தவை என்று அங்கே வாதிடுகிறார். கடனைத் திருப்பித் தராதவனின் உடலை வெட்டி எடுத்துக்கொள்ளலாம், கூடக் குறைய வெட்டினாலும் குற்றமில்லை என்று விதித்த ரோமானியரின் பன்னிரு பலகைச் சட்டத்தை அதற்குச் சான்றாகக் காட்டுகிறார். இந்தக் கட்டுரையைப் படித்தபோது, ஒரு ஜெர்மானியர் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதியதைப் போல இருந்தது எனக்கு.

அத்தையின் கல்யாணத்துக்காக அப்பா வாங்கிய கடன் அது. "உன் சொல்லை நம்பித்தான் கொடுக்கிறேன், நீ நல்லவன்" என்று சொல்லிக் கொடுத்தாராம் தோட்டத்துக்காரர். அந்த ஒரு சொல்தான் அப்பாவைக் கட்டிப்போட்டது. பூ எடுக்கும் மாதங்களில் மருந்தடிப்பு, காய்ப்பில் இரவுக் காவல், அறுவடை முடிந்தால் மாடுகளோடு மல்லுக்கட்டு என்று வருடம் முழுக்க வேலை இருந்தது. கூலி வட்டிக்குப் போயிற்று, சாப்பாட்டுக்கு ராகி அளந்தார்கள், அதற்கும் பற்று எழுதினார்கள். 1976இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்து, அப்படிப்பட்ட கடன்களைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்றே ஆக்கிவிட்டது. விசாரிக்க வந்தவர்களிடம் அப்பா, "நான் கொத்தடிமை இல்லை, வாக்குக் கொடுத்தவன்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்.

நான் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது, வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால், கணக்குப் பார்க்க அம்மா என்னையும் தோட்டத்து வீட்டுக்கு அழைத்துப் போனார். மஞ்சள் துணியில் சுற்றிய நீள நோட்டு. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அப்பாவின் கைநாட்டு, மை காய்ந்து பழுப்பேறிக் கிடந்தது. தீபாவளிக்குத் தீபாவளி அவர்கள் வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துக் கொடுத்த வேட்டியும் துண்டும் பற்று வரியில் விலையோடு ஏறியிருந்தன. அவற்றை வாங்கும்போதெல்லாம் அப்பா அந்த வீட்டு வாசலில் விழுந்து கும்பிடுவார். நான் அந்த வரிகளை உரக்கப் படித்தேன். அம்மா தோட்டத்துக்காரரை நேராகப் பார்த்து, "ஏங்கய்யா, நாணயம் எங்களுக்கு மட்டும்தானா?" என்று கேட்டார். அவர் பதில் சொல்லவில்லை. நோட்டை வாங்கி மூடி வைத்துக்கொண்டார். சில மாதங்களில், அதுவரை போட்ட கணக்கில் கணிசமான தொகையைத் தள்ளிவிட்டு, மீதியை அம்மாவின் ஆடுகளை விற்றுக் கட்டச் சொன்னார். கட்டினோம், வெளியே வந்தோம்.

ஒழுக்கத்தைப் பற்றிய விமர்சனம் என்று நான் அறிந்தவற்றில் அம்மாவின் அந்தக் கேள்விக்கு இணையானது வேறு இல்லை. நாணயம் என்பது ஏமாற்று வேலை என்று அவர் சொல்லவில்லை. அது ஏமாற்று வேலை என்று அவர் நம்பியிருந்தால் அந்த மனிதரிடம் கேட்பதற்கு அவருக்கு எதுவுமே இருந்திருக்காது, வலியவன் வட்டி வாங்குகிறான் என்பதற்கு மேல் பேச்சில்லை. எங்கள் மேல் வைத்த அளவுகோலையே எடுத்து அவர் மேல் வைத்ததால்தான் நோட்டு மூடப்பட்டது. யாருக்கு நன்மை என்று கேட்கும் நீட்சேயின் பழக்கம் மிகத் தேவையானது, அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் நன்மை தீமை என்ற சொற்களையே தூக்கியெறிந்துவிட்டால் அதில் முதலில் நிராயுதபாணியாகிறவர்கள் என் அம்மாவைப் போன்றவர்கள்தான்.

அப்பாவையும் நீட்சேயின் "அடிமை" என்ற சித்திரத்தில் அடைக்க முடியாது. அப்பாவுக்கு வன்மம் இருந்ததில்லை. கடைசிவரை தோட்டத்துக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை தவறாகப் பேசியதில்லை. வாக்குக் கொடுத்து, இடையில் எது வந்தாலும் அதைக் காப்பாற்றும் வலிமை பெற்றவனை அதே இரண்டாம் கட்டுரையின் தொடக்கத்தில் நீட்சே உயர்த்திப் பேசுகிறார். அந்த வருணனைக்கு, நான் பார்த்த மனிதர்களில், என் அப்பாவே பொருந்துகிறார்.

நீட்சே மேல் எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. 1888இல் எழுதிய கடைசி நூல்களில் அவர் மனு நூலைப் பாராட்டுகிறார், விவிலியத்துக்கு மேலாக வைக்கிறார். அவர் படித்தது பிழைகள் மலிந்த ஒரு பிரெஞ்சுப் பதிப்பு என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனால் மனுவின் எட்டாம் அத்தியாயம் கடனைப் பற்றி என்ன சொல்கிறது? மாத வட்டி பிராமணருக்கு நூற்றுக்கு 2, க்ஷத்திரியருக்கு 3, வைசியருக்கு 4, சூத்திரருக்கு 5. கடன் வாங்கியவன் கொடுத்தவனுக்குச் சமமான அல்லது தாழ்ந்த சாதியாக இருந்தால் உழைத்தே கழிக்கலாம் என்றும் இருக்கிறது. கடனிலிருந்து மனசாட்சி பிறந்ததை அவ்வளவு கூர்மையாகக் கண்டவர், தாழ்ந்த சாதியாரிடம் கூடுதல் வட்டி வாங்கச் சொல்லும் ஒரு நெறியை மேன்மை என்று புகழ்ந்தார். அம்பேத்கரும் தோழர்களும் 1927 டிசம்பர் 25 அன்று மகாராஷ்டிரத்தின் மகாடில் அந்த நூலை எரித்தபோது, அவர்களை இயக்கியது வெறும் வன்மம் என்று யாராவது என்னிடம் சொல்லட்டும் பார்க்கலாம்.

"இவர் தத்துவம் படித்தவரில்லை, நீட்சேயைக் கொச்சைப்படுத்துகிறார்" என்று பின்னூட்டம் வரும். நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன், மொழிபெயர்ப்பில்தான் படித்திருக்கிறேன். ஆனாலும் அவரே எழுதியதைச் சொல்கிறேன்: ஓர் ஒழுக்கம் பிழையிலிருந்தே பிறந்திருந்தாலும், அது தெரிந்துவிட்டதாலேயே அதன் மதிப்பு என்ன என்ற கேள்வி தீர்ந்துவிடாது என்று, மேலே சொன்ன அதே 1887இல், தம் பழைய நூல் ஒன்றின் புதிய பதிப்பில் சேர்த்த பகுதியில் எழுதியிருக்கிறார். பிறப்பைக் காட்டிவிட்டால் போதும், ஒழுக்கம் செத்தது என்று பேசுபவர்கள் அதைப் படிக்க வேண்டும்.

இன்று எங்கள் தெருவில் வாரக் கடன் வசூலுக்கு வருபவர்கள், ஒருத்தி கட்டவில்லை என்றால் குழுவிலுள்ள மற்றப் பெண்களையும் எழவிடாமல் உட்கார வைக்கிறார்கள். அந்தப் பெண்களின் மானத்தை நம்பித்தான் அந்தத் தொழில் நடக்கிறது. நேர்மை அடிமைப் புத்தி என்று அவர்களிடம் போய்ச் சொன்னால் என்ன பயன்? அந்த வட்டிக் கணக்கை அவர்களோடு உட்கார்ந்து வரி வரியாகப் படித்துக் காட்டத்தான் நான் போகிறேன், சில இடங்களில் கணக்குத் திருத்தப்பட்டும் இருக்கிறது.

முதல் கட்டுரையோடு நிறுத்திவிட்டீர்கள் என்றால் இரண்டாவதையும் முழுக்கப் படியுங்கள். எட்டாம் பகுதி வரைக்குமாவது படித்துவிட்டு, சந்தேகம் இருந்தால் இங்கேயே கேளுங்கள்.