கண்ணாடியைக் கழற்றினாலும் கலங்காத முகம்

கேள்வி: சின்ன வயதிலிருந்தே எனக்குக் கிட்டப்பார்வை. இப்போது இரண்டு கண்ணிலும் மைனஸ் எட்டு. கண்ணாடியைக் கழற்றினால் எதிரில் உட்கார்ந்திருப்பவர் யாரென்றே தெரியாது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு இறந்துபோன என் அம்மாவை நினைத்தால் இடது புருவத்துக்கு மேலிருந்த தழும்பு வரை தெரிகிறது. என் கணவருக்குக் கண்ணாடியே தேவையில்லை, அவரோ கண்ணை மூடினால் ஒரு படமும் வராது, வெறும் இருட்டுதான் என்கிறார். இது எப்படி? பிற்காலத்தில் என் பார்வை போய்விட்டால் அம்மாவின் முகமும் போய்விடுமா?

பதில்: கடைசிக் கேள்விதான் உங்களை எழுத வைத்திருக்கும், அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். பவர் ஏறுவதால் அந்த முகம் மங்காது. உங்கள் கண்ணில் ஒளி விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடுகிறது, அதனால் ஏறக்குறைய பன்னிரண்டு சென்டிமீட்டருக்கு அப்பால் எல்லாம் கலங்கல். அந்தக் குறை கண்ணோடு முடிந்துவிட்டது. அம்மாவை நினைக்கும்போது லென்ஸுக்கும் விழித்திரைக்கும் வேலையே இல்லை. பின்மண்டையில் பார்வைக்கென்று இருக்கும் மூளைப் பகுதிக்கு இப்போது கண்ணிலிருந்து சேதி வருவதில்லை, நினைவைத் தாங்கும் பகுதிகளிலிருந்து எதிர்த்திசையில் வருகிறது. ஒருகாலத்தில் கண்ணாடி போட்டுக்கொண்டோ, மடியில் படுத்துக்கொண்டு கிட்டத்திலிருந்தோ நீங்கள் தெளிவாகப் பார்த்த முகம்தான் அங்கே இருக்கிறது.

ஆனால் அந்தத் தெளிவு புகைப்படத்தின் தெளிவு இல்லை. இப்போதே செய்து பாருங்கள்: 'மரக்கிளை' என்ற சொல்லைப் பெரிய எழுத்தில் மனதில் எழுதிக்கொண்டு, கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி வாசியுங்கள். தாளில் இருந்தால் நொடியில் முடியும், மனதில் எழுதியதை வாசிக்கும்போது பலர் ஒவ்வோர் எழுத்தாக உச்சரித்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். படம் முழுதாக நிற்பதுபோல் தோன்றினாலும் நாம் கேட்கிற இடம்தான் துலங்குகிறது. தழும்பை நினைத்தீர்கள், தழும்பு வந்தது. அப்போது அம்மாவின் காது எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால் அதை நீங்கள் புதிதாகத் தேட வேண்டியிருக்கும்.

உங்கள் கணவர் சொல்வதை அப்படியே நம்புங்கள். 1880இல் ஃபிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிவியலாளர், அன்று காலை உட்கார்ந்து சாப்பிட்ட மேசையை நினைத்துப் பார்த்து அதன் வெளிச்சமும் நிறமும் எப்படித் தெரிகிறது என்று பலரிடம் கேட்டார். அறிவியலாளர்கள் பலர் அப்படி எதுவும் தெரியவில்லை என்று சொன்னதில் அவருக்கே ஆச்சரியம். 2015இல் ஆடம் ஜெமன் என்ற நரம்பியல் மருத்துவர் இதற்கு அஃபேன்டேசியா என்று பெயர் வைத்தார். இது நோய் இல்லை. 'கண்முன் நிற்கிறது' என்று நாம் சொல்வதையெல்லாம் இவர்கள் வெறும் பேச்சுவழக்கு என்றே பல வருடம் நினைத்திருப்பார்கள். வெளிச்சமான ஒன்றை நினைத்தாலே நம்மில் பெரும்பாலோருக்குக் கண்பாவை கொஞ்சம் சுருங்கும், அஃபேன்டேசியா உள்ளவர்களுக்கு நிஜ வெளிச்சத்துக்குச் சுருங்குகிறது, நினைத்த வெளிச்சத்துக்குச் சுருங்குவதில்லை என்று சோதனையிலேயே பார்த்திருக்கிறார்கள். ஆக, அவர் கண்ணும் நன்றாக இருக்கிறது, நினைவும் இருக்கிறது, படம் மட்டும் வருவதில்லை. உங்கள் முகம் அவர் மனதில் தெரியவில்லை என்றால் அதைப் பாசக்குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், தயவுசெய்து.

அப்புறம் அந்தப் பயம். பார்வையை முழுதாக இழந்தவர்களின் அனுபவம் ஒரே மாதிரி இல்லை. ஜான் ஹல் என்ற பேராசிரியர் நாற்பதுகளின் பிற்பகுதியில் பார்வையை முழுதும் இழந்தார், சில வருடங்களில் மனைவி மக்களின் முகங்கள்கூட மனதிலிருந்து போய்விட்டன. 3 என்ற எண் எந்தப் பக்கம் வளையும் என்று காற்றில் விரலால் எழுதிப் பார்க்க வேண்டியிருந்தது. சோல்டன் டோரே என்பவருக்கு 1951இல், இருபத்தோரு வயதில், தொழிற்சாலையில் அமிலம் பட்டுப் பார்வை போனது. காதை நம்பிப் பழகுங்கள் என்று சொன்னார்கள், அவர் கேட்கவில்லை. மனப்படத்தைத் தினமும் பிடிவாதமாகப் பழக்கி, பின்னாளில் தன் வீட்டுக் கூரையின் மழைநீர்க் குழாய்களைத் தனியாளாக மாற்றினார். அதுவும் இரவில். அக்கம்பக்கத்தார் பதறிப்போனார்களாம். படம் தங்குமா என்பதை யாருக்கும் முன்கூட்டிச் சொல்ல முடியாது, ஆனால் பார்வையோடு சேர்ந்து போயே தீரும் என்பதும் இல்லை. உங்களுக்கு இப்போதும் அம்மாவின் முகம் தெளிவாக வருகிறதே, அடிக்கடி நினையுங்கள்.

இன்னொன்று. மைனஸ் எட்டில் விழித்திரை மெலிந்திருக்கும், பிரிந்துவிடும் வாய்ப்பும் மற்றவர்களைவிட அதிகம். பாவையை விரித்து விழித்திரையைப் பார்க்கும் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். திடீரென்று மின்னல் வெட்டுவதுபோலத் தெரிந்தாலோ, கரும்புள்ளிகள் கூடினாலோ, ஓரத்திலிருந்து திரை விழுவதுபோல இருந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: பிறவியிலேயே பார்வை இல்லாதவர்கள் ஒரு பொருளை மனதில் கற்பனை செய்ய முடியுமா?

பதில்: நன்றாகவே முடியும். கையால் தடவிய ஒரு வடிவத்தை மனதுக்குள் திருப்பிப் பார்க்கச் சொன்னால் செய்கிறார்கள், எவ்வளவு அதிகம் திருப்ப வேண்டுமோ அவ்வளவு அதிக நேரம் எடுக்கிறது. பார்வை உள்ளவர்களுக்கும் அப்படித்தான். நிறமும் வெளிச்சமும் அதில் இருக்காது. விளிம்பு, மூலை, வழவழப்பு, எது எந்தப் பக்கம் என்பதெல்லாம் இருக்கும்.