பட்டறைப் பக்கம்: ஆலன் பிட் சாக்கெட் வாங்கும் முன்

கேள்வி: அண்ணே, தலையில் அறுகோணக் குழி உள்ள ஆலன் போல்ட்டைத் திருப்ப இரண்டு ஆலன் பிட் செட்களை வைத்துக்கொண்டு எதை எடுப்பது என்று குழம்பிக்கொண்டிருக்கிறேன். ஒன்றில் சின்னச் சின்ன பிட்கள் முப்பதுக்கு மேல், அவற்றைச் செருக ஒரு ஹோல்டர். இன்னொன்றில் ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனி சாக்கெட், மொத்தமே ஒன்பதுதான். விலை கிட்டத்தட்ட ஒன்று. இரண்டு பெட்டியிலும் எஸ்2 ஸ்டீல் என்று அச்சிட்டிருக்கிறது. ஸ்டீல் ஒன்றுதான் என்றால் எண்ணிக்கை கூடியதை வாங்குவதுதானே லாபம்?

பதில்: ஒன்பது இருக்கிற செட்டையே எடுங்கள் தம்பி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இந்த இடத்தில்தான் நிறையப் பேர் காசை விடுகிறார்கள்.

முறுக்கும்போது பிட் எவ்வளவு தாங்கும் என்பது அதன் கனத்தைப் பொறுத்து மளமளவென்று ஏறும். அளவு இரண்டு மடங்கானால் பலம் எட்டு மடங்காகும். ஒரே ஸ்டீல், ஒரே டெம்பர் (சுட்டு ஆற்றிக் கடினமாக்கிய பதம்) என்று வைத்துக்கொண்டால், 4 மி.மீ. பிட் தாங்குவதைப் போல எட்டு மடங்கு 8 மி.மீ. பிட் தாங்கும். இப்போது அந்த முப்பது பிட் செட்டில் இருக்கும் 8 மி.மீ. பிட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். முனை 8 மி.மீ. இருக்கும். ஆனால் ஹோல்டருக்குள் போகிற பின்பக்கம் கால் இஞ்ச், அதாவது 6.35 மி.மீ. தான். முனையில் கொடுக்கிற முறுக்கு முழுவதும் அந்த ஒல்லியான பகுதி வழியாகத்தான் போயாக வேண்டும். கணக்குப் போட்டால், முழு 8 மி.மீ. கம்பியின் பலத்தில் சரியாகப் பாதி. அதே செட்டின் 10 மி.மீ. பிட் என்றால் கால்வாசிதான் தேறும். பெட்டியில் 8, 10 என்று எழுதியிருந்தாலும் நீங்கள் வாங்குவது என்னவோ ஆறேகால் மி.மீ. பலம்தான். உடையும்போதும் தடித்த முனை ஒல்லியாகச் சரிகிற அந்தக் கழுத்தில்தான் உடையும்.

5 மி.மீ., அதற்குக் கீழே என்றால் இந்தக் குறை இல்லை. அங்கே முனையே பின்பக்கத்தை விட ஒல்லி, அதனால் ஹோல்டர் எதையும் கெடுப்பதில்லை. பின்பக்கம் 10 மி.மீ. உள்ள பிட்களோடு அரை இஞ்ச் ஹோல்டர் தருகிற செட்களும் உண்டு. அது வேறு ரகம், 10 மி.மீ. வரை தாராளமாக நம்பலாம்.

எஸ்2 விஷயத்துக்கு வருவோம். அது அதிர்ச்சியைத் தாங்குவதற்கென்றே உள்ள டூல் ஸ்டீல். நல்ல பிட்களில் அதை, கடினத்தைக் குறிக்கும் ராக்வெல் சி அளவில் 58 முதல் 62 வரை கடினமாக்குவார்கள். ஆனால் பெட்டி மேல் இருக்கும் எழுத்து எந்த ஸ்டீல் என்று மட்டும்தான் சொல்லும், எப்படிச் சுட்டு ஆற்றினார்கள் என்று சொல்லாது. அந்தச் சூட்டில்தான் எல்லாமே இருக்கிறது. போதாமல் போனால் பிட் மென்மையாக இருக்கும். ஆறு விளிம்புகளும் கம்பியைச் சுற்றித் திருகியது போல வளைந்து நிற்கும், அப்படி ஒரு பிட்டைப் பார்த்தால் டெம்பர் பத்தவில்லை என்று அர்த்தம். கடினம் மிஞ்சிப் போயிருந்தால் ஒரு முன்னறிவிப்பும் தராமல் டப்பென்று கோணலாக உடையும், உடைந்த முகத்தில் சொரசொரவென்று சாம்பல் நிற மணி தெரியும். பட்டறைக்காரர் யாராவது தெரிந்தால் அவரிடம் உடைந்து கிடக்கும் பிட்களை வாங்கிப் பாருங்கள். பெட்டியைப் படிப்பதை விட அது நல்ல பாடம்.

எண்ணிக்கையையும் பிரித்துப் பாருங்கள். முப்பதில் ஆலன் எத்தனை, டார்க்ஸ் (நட்சத்திர முனை) எத்தனை, நீளம் மாற்றிப் போட்ட அதே அளவு எத்தனை? சாதாரண ஆலன் போல்ட்டில் எம்6-க்கு (அதாவது 6 மி.மீ. மரை போல்ட்டுக்கு) 5, எம்8-க்கு 6, எம்10-க்கு 8, எம்12-க்கு 10 மி.மீ. சாவி. வட்டத் தலை, பதிவுத் தலை போல்ட்டுகளுக்கு 4-ம் சேர்த்துக்கொள்ளுங்கள். வேலையில் பெரும்பகுதி இந்த ஐந்தில் முடிந்துவிடும். கார் வேலை செய்பவர் என்றால் 7 இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். பல ஐரோப்பிய கார்களில் பிரேக் காலிபர் கைடு பின் 7 மி.மீ. தான், மலிவு செட்களில் 6-க்கு அப்புறம் நேராக 8-க்குத் தாவிவிடுகிறார்கள்.

கேள்வி: ஐயா, ஒரே துண்டாகக் கடைந்த சாக்கெட் நல்லதா, சாக்கெட்டுக்குள் பிட்டை அழுத்திச் செருகியது நல்லதா? செருகியது ஒருநாள் கழன்றுவிடும் என்று என் மாமா சொல்கிறார்.

பதில்: கையால் திருப்புகிற வேலைக்கு நான் செருகியதைத்தான் எடுப்பேன். சாக்கெட்டுக்கு வேண்டியது ஒன்று, பிட்டுக்கு வேண்டியது வேறொன்று. சாக்கெட் வெடிக்காமல் கொஞ்சம் இழுத்துக் கொடுக்க வேண்டும், அதற்கு குரோம் வனேடியம் போதும். பிட் தேயாமல் நிற்க வேண்டும், அதற்கு அதைவிட ரொம்பக் கடினமான ஸ்டீல் வேண்டும். இரண்டையும் தனித்தனியாகச் செய்து சேர்த்தால் அதது அதன் வேலையைப் பார்க்கும். ஒரே துண்டில் செய்தால் நடுவில் எங்கேயாவது சமாதானம் ஆக வேண்டியிருக்கும்.

மாமா சொல்வதும் பொய்யில்லை. அழுத்தம் சரியில்லாத மலிவுச் சாக்கெட்டில் பிட் போல்ட்டிலேயே மாட்டிக்கொண்டு சாக்கெட் மட்டும் கையோடு வரும். எரிச்சலான விஷயம்தான், ஆனால் எதுவும் உடைவதில்லை.

இதில் எனக்குப் பிடித்த பெரிய லாபம், பிட்டை மாற்ற முடியும் என்பது. ராட்செட் கைப்பிடி மாட்டுகிற சதுரத் துளைக்குள் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். அடியில் பிட்டின் பின்முகம் தெரிந்தால் அந்தச் சாக்கெட்டுக்கு இன்னொரு ஆயுள் இருக்கிறது. வைஸின் (பொருளை இறுக்கிப் பிடிக்கும் கருவி) இரண்டு தாடைகளைப் பிட் மட்டும் நுழைகிற அளவுக்குத் திறந்து, பிட் கீழே தொங்க, சாக்கெட்டை மேலே உட்கார வையுங்கள். பக்கவாட்டில் சின்ன ஸ்குரூவோ பின்னோ இருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். சதுரத் துளை வழியாக ஒரு பஞ்ச் கம்பியை இறக்கி நாலு அடி கொடுத்தால் உடைந்த துண்டு கீழே விழும். புதிய பிட்டை அதே வைஸில் வைத்து இறுக்கி உள்ளே அழுத்திவிடலாம், சுத்தியலால் அடிக்க வேண்டாம். அதனால் வாங்கும்போதே கேளுங்கள், இந்த நிறுவனம் பிட்டைத் தனியாக விற்கிறதா என்று. நான் பார்த்தவரை அதிகம் போவது 5-ம் 6-ம்தான். அந்த இரண்டும் தனியாகக் கிடைக்கிற செட்டுக்குக் கூடுதல் காசு கொடுப்பேன். வாரண்டி அட்டையையும் படியுங்கள். சாக்கெட்டுக்கு ஆயுள் முழுக்க என்று போட்டுவிட்டு, பிட்டைத் தேய்மானப் பொருள் என்று வெளியே தள்ளுகிறவர்கள் உண்டு.

கேள்வி: முறித்துப் பார்க்கும் சோதனைகளில் ஒரு பிட் இத்தனை நியூட்டன் மீட்டர் முறுக்கில் உடைந்தது, இன்னொன்று அதைவிட முப்பது அதிகம் தாங்கியது என்கிறார்கள். அதிகம் தாங்கியதை வாங்கினால் போதும்தானே?

பதில்: போதாது. எம்10 போல்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 8.8 தரத்தில் (போல்ட்டின் பலத்தைக் குறிக்கும் எண்) அதை 50 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்குவார்கள், 12.9 தரத்தில் 80-க்குச் சற்று மேல். ஒழுங்காகச் செய்த 8 மி.மீ. பிட் அந்த இரண்டையும் விடக் கூடுதலாகவே தாங்கும். அதற்கு மேல் முப்பது கூடினால் என்ன, குறைந்தால் என்ன? துருப்பிடித்து இறுகிய போல்ட்டில் கூட, பிட் உடைவதற்கு முன்னால் போல்ட்டின் குழி வட்டமாகிவிடுவதைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

அந்தச் சோதனை வைஸில் நேராகப் பிடித்து, பிட் முழுதாக உள்ளே இறங்கிய நிலையில் நடக்கிறது. நம் வேலையில் அப்படியா? எம்10 ஆலன் போல்ட்டின் குழி ஆழம் தர அளவுப்படி குறைந்தது 5 மி.மீ. தான். அதன் அடியில் 2 மி.மீ. காய்ந்த மண் இருந்தால், பிடிமானத்தில் ஐந்தில் இரண்டு பங்கு அப்போதே போய்விட்டது. பிட்டின் முனையை அதிகமாகச் சரித்துச் சீவியிருந்தால் இன்னும் கொஞ்சம் போகும். நான் குழியை ஒரு கூரான கம்பியால் சுரண்டி, ஊதி, பிட்டை வைத்துச் சுத்தியலால் லேசாகத் தட்டி அடி வரை உட்கார வைத்த பிறகுதான் ராட்செட்டைத் தொடுவேன். எவ்வளவு விலை உயர்ந்த பிட்டானாலும் இந்த வேலையைச் செய்யாமல் காப்பாற்ற முடியாது.

ஆகவே உடையும் எண்ணை விட அளவைப் பாருங்கள். 8 மி.மீ. குழி 8.025-க்குக் குறையாமலும் 8.175-ஐத் தாண்டாமலும் இருக்க வேண்டும் என்பது தரம். பிட்டை அளவெடுக்கும் வெர்னியர் காலிப்பரில் பிடித்தால் 8-ஐ ஒட்டி நிற்க வேண்டும். 7.9-க்குக் கீழே இறங்கினால் நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன். மூன்று ஜோடி முகங்களையும் அளந்து பாருங்கள், ஒன்றுக்கொன்று மாறினாலும் வேண்டாம். வேரா நிறுவனம் ஹெக்ஸ்-பிளஸ் என்று ஒரு வடிவம் செய்கிறது. அது குழியின் மூலைகளில் அல்லாமல் பக்கங்களில் அழுத்துவதால் குழி வட்டமாவது குறைகிறது. மூலை மழுங்க ஆரம்பித்த போல்ட்டுக்கு அது உதவும்.

வட்டத் தலை போல்ட்டில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். அதே எம்10 தான், ஆனால் சாவி 8 இல்லை, 6. பிட்டின் பலம் பாதிக்கும் கீழே, குழியும் ஆழம் குறைவு. அங்கே நல்ல 6 மி.மீ. பிட் உண்மையிலேயே தேவைப்படும்.

கேள்வி: உருண்டை முனை உள்ள நீள பிட் செட் சாய்வான இடங்களுக்கு வசதி என்கிறார்கள். அதை மட்டுமே வாங்கலாமா?

பதில்: வேண்டாம். உருண்டைக்குப் பின்னால் கழுத்து ஒல்லியாக இருக்கும். லூசான போல்ட்டை வேகமாகச் சுற்றி எடுக்கத்தான் அது. கடைசி இறுக்கமும் முதல் தளர்த்தலும் நேர் முனை பிட்டுக்குரிய வேலை. உருண்டை உடைந்தால் குழிக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும், அதைத் தோண்டி எடுப்பது பெரும்பாடு.

கேள்வி: அண்ணே, என் 6 மி.மீ. பிட்டின் முனை மழுங்கிவிட்டது. தூக்கிப் போட்டுவிடட்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். மழுங்கியது முனையில் இரண்டு மி.மீ. தான் இருக்கும், மேலே உள்ள கம்பி புதிது போலவே இருக்கும். கிரைண்டரில் முனையை, கம்பிக்குச் செங்குத்தாகத் தட்டையாகத் தேய்த்து எடுத்துவிடுங்கள். ஒரு தொடல், உடனே தண்ணீர், மறுபடி ஒரு தொடல், அப்படித்தான் போக வேண்டும். நுனி நீலமானால் டெம்பர் போய்விட்டது என்று பொருள், அந்த நீலப் பகுதியையும் தேய்த்துத் தள்ள வேண்டிவரும். கடைசியில் விளிம்பின் கூர்மையை லேசாக மட்டும் எடுத்துவிடுங்கள், பெரிய சரிவு வைக்காதீர்கள். நீளமான பிட் உள்ள செட்டை இப்படிப் பலமுறை புதுப்பிக்கலாம், குட்டைப் பிட்டில் அந்த வாய்ப்பு கிடையாது. ஆனால் ரொம்ப நீளமும் வேண்டாம். நீள பிட் முறுக்கத்தில் ஸ்பிரிங் மாதிரி கொடுக்கும், கை கொஞ்சம் சாய்ந்தாலும் வளைவு சேர்ந்துகொள்ளும்.

கேள்வி: குரோம் பூசிய பிட் சாக்கெட்டை இம்பாக்ட் கன்னில் (அடித்து அடித்து போல்ட்டைத் திருப்பும் கருவி) போட்டேன், இதுவரை ஒன்றும் ஆகவில்லை. தொடரலாமா?

பதில்: இன்றோடு நிறுத்திவிடுங்கள். கன் ஒவ்வொரு நொடியும் அடித்துக்கொண்டே இருக்கிறது. கைவேலைக்காகக் கடினமாக்கிய ஸ்டீலில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் வளர்ந்துகொண்டிருக்கும். குரோம் செதில் செதிலாகப் பெயர்ந்து பறக்கும், அது கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கன்னுக்கென்று கறுப்பு நிறத்தில், சுவர் தடித்து, பெரும்பாலும் குரோம் மாலிப்டினத்தில் வருகிற இம்பாக்ட் சாக்கெட்கள் இருக்கின்றன. அவற்றின் பிட் கொஞ்சம் கடினம் குறைவாக இருக்கும், அடி தாங்குவதற்காகவே அப்படி. வாரத்துக்கு ஒருமுறை கன் எடுப்பவர் என்றால் முழு செட் வேண்டாம், 6, 8, 10 மூன்றை மட்டும் கறுப்பில் தனியாக வாங்கி, கைச் செட்டோடு கலக்காமல் வேறு பெட்டியில் வையுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் கன்னைத் தொடாதீர்கள்.