திருகோணமலையில் கடல் முதலில், மலை பிறகு

கேள்வி: டிசம்பரில் குடும்பத்தோடு மூன்று நாள் திருகோணமலை போகிறோம். கணவருக்கு நீச்சல் தெரியாது. மகளுக்கு 12 வயது. புறாத்தீவு, ஒரு ஸ்கூபா டைவிங், கோணேஸ்வரம் கோயில், கன்னியா வெந்நீரூற்று எல்லாம் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் மாலை நுவரெலியா கிளம்பலாமா?

பதில்: கோயிலும் வெந்நீரூற்றும் மட்டும் என்றால் டிசம்பரில் போகலாம். கடலுக்காகப் போவதென்றால் வேண்டாம். வாடைக்காற்றுக் காலத்தில் கிழக்குக் கரை கொந்தளிக்கும்; மழைநீர் சேர்ந்து கடல் கலங்கிவிடும். மே முதல் செப்டம்பர் வரைதான், புறாத்தீவு இருக்கும் நிலாவெளிக் கடல் அமைதியாக, தெளிவாக இருக்கும். பயணத்தைக் கோடை விடுமுறைக்குத் தள்ளிவையுங்கள்.

முதல் நாள் நிலாவெளியில் இடுப்பளவுத் தண்ணீரில் முகக்கண்ணாடி போட்டுப் பழகுங்கள். விளிம்பில் ஒரு முடி சிக்கினாலும் தண்ணீர் கசியும். மீசை இருந்தாலும் கொஞ்சம் கசியும். இதைக் கரையிலேயே பழகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்ததும் பதறுபவர் காலை ஊன்றுவது பவளத்தின் மேல்தான். பவளம் நொறுங்கும், காலும் கிழியும். புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. அங்கே பவளத்தைத் தொடவே கூடாது. கணவர் உயிர்காப்பு அங்கியோடு ஸ்நோர்கெலிங் (நீர்மட்டத்தில் மிதந்தபடி குழாய் வழியே மூச்சுவிட்டுக் கடலடியைப் பார்ப்பது) செய்தால் போதும். கருமுனைச் சுறாக்களைக் கண்டால் பயப்பட வேண்டாம், அவையே விலகிப் போகும். வெயிலுக்குக் கிரீமைவிட முழுக்கைச் சட்டை நல்லது.

டைவிங்கை இரண்டாம் நாள் காலையில் வையுங்கள். முதன்முறை இறங்குபவரைப் பயிற்சியாளர் 12 மீட்டருக்குக் கீழே அழைத்துப் போகக் கூடாது. 10 வயது நிறைந்தவர்கள் இறங்கலாம் என்பதால் மகளும் இறங்கலாம். பெரும்பாலோர் தடுமாறுவது காதில்தான். 10 மீட்டரில் அழுத்தம் இரட்டிப்பாகிவிடும். அதிலும் முதல் சில மீட்டரில்தான் மாற்றம் கடுமை. வலி வரும்வரை காத்திருக்காமல், இறங்கத் தொடங்கியதுமே மூக்கைப் பிடித்து மெல்ல ஊதி, அடிக்கடி காதைச் சமன் செய்ய வேண்டும். சமன் ஆகவில்லையா, ஒரு மீட்டர் மேலே வந்து மறுபடி முயலுங்கள். சளி இருந்தால் அன்று இறங்கவே வேண்டாம். மூக்கடைப்பு மாத்திரை போட்டு இறங்கினால், அதன் வேகம் ஆழத்தில் தணிந்து, மேலே வரும்போது காதில் காற்று அடைத்துக்கொள்ளும். மூச்சை மட்டும் ஒருபோதும் அடக்கக் கூடாது. மேலே வர வர நுரையீரலில் உள்ள காற்று விரியும்.

டைவிங்கில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும். வெந்நீர்க் குளியலும் உயரமான இடமும் அதைக் குமிழாக்கிவிடலாம். அதனால் கன்னியாவின் ஏழு கிணறுகளையும் கோணேஸ்வரத்தையும் மூன்றாம் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நுவரெலியா 1,800 மீட்டருக்கும் மேலான உயரம். டைவிங் முடித்து விமானம் ஏறுவதற்குச் சொல்லும் இடைவெளியையே இதற்கும் கடைப்பிடியுங்கள்: ஒருமுறை இறங்கினால் குறைந்தது 12 மணி நேரம், பலமுறை என்றால் 18. இந்த வரிசைப்படி போனால் மூன்றாம் நாள் மாலை நீங்கள் தாராளமாக மலையேறலாம்.