தீபாவளி இனாம்: செக்யூரிட்டிக்கும் ஹவுஸ்கீப்பிங் அக்காவுக்கும் எவ்வளவு கொடுப்பது?

கேள்வி: நானும் கணவரும் பள்ளிக்கரணையில் 64 வீடுகள் உள்ள ஒரு அப்பார்ட்மெண்டில் வாடகைக்கு இருக்கிறோம். இரண்டு சம்பளமும் சேர்த்துக் கைக்கு வருவது மாதம் 92,000 ரூபாய். வாடகை, கார் லோன், பையனின் ஸ்கூல் ஃபீஸ் போக அதிகம் மிஞ்சாது. போன தீபாவளிக்கு அசோசியேஷன் வீட்டுக்கு 1,000 ரூபாய் வசூலித்தது. வீட்டு வேலை செய்யும் அக்காவுக்கு ஒரு மாதச் சம்பளம் 4,000 ரூபாய் கொடுத்தேன். அது போக, கதவைத் தட்டியவர்களுக்கெல்லாம் 200, 300, 500 என்று கொடுத்ததில் மொத்தம் 11,400 ரூபாய் போய்விட்டது. கடைசியில் துணியை கிரெடிட் கார்டில்தான் எடுத்தோம். இத்தனை செய்தும், தினமும் எங்கள் மாடிப்படியைத் துடைக்கும் அம்மாவுக்கு ஒன்றுமே கொடுக்கவில்லை. அவர் வந்து கேட்கவும் இல்லை. பத்து நாள் கழித்து அவரை விளக்குமாறோடு பார்த்தபோதுதான் ஞாபகம் வந்தது. செக்யூரிட்டி ஆறு பேர், ஹவுஸ்கீப்பிங் நாலு பேர், எல்லோரும் ஏஜென்சி ஆட்கள். ஏஜென்சி போனஸ் கொடுக்கும்போது நாம் ஏன் கொடுக்க வேண்டும் என்கிறார் கணவர். யாருக்கு, எவ்வளவு, எப்படிக் கொடுப்பது?
வாசகி, சென்னை

பதில்: அந்த மாடிப்படி அம்மாவிடமிருந்தே தொடங்குகிறேன். தீபாவளிக் காசு பெரும்பாலும் கேட்கிறவர்களுக்குத்தான் போகிறது. கதவைத் தட்டக் கூச்சப்படுகிறவர், நாம் தூங்கும்போது டூட்டி பார்க்கிறவர், நாம் ஆபீஸுக்குக் கிளம்பிய பிறகு வந்து துடைத்துவிட்டுப் போகிறவர், இவர்களெல்லாம் விட்டுப்போகிறார்கள். அதனால் யார் வருகிறார்கள் என்று பார்த்துக் கொடுக்காதீர்கள். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே ஒரு தாளை எடுத்து, உங்கள் வீட்டுக்காகவும் கட்டடத்துக்காகவும் தினமும் உழைக்கிறவர்களின் பெயரை எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் கேட்டு எழுதுங்கள். அந்தத் தாளில் இருப்பவர்களுக்கு முதலில் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை மற்றவர்களுக்குக் கொடுக்கலாம்.

இப்போது உங்கள் கணவர் கேட்டதற்கு வருகிறேன். போனஸும் இனாமும் ஒன்றில்லை. போனஸ் என்பது சட்டப்படி சேர வேண்டிய பணம். 1965-ல் வந்த போனஸ் சட்டம் இப்போது 2019-ம் வருஷத்து ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. ஆனாலும் அளவு மாறவில்லை. குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம். 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனத்தில், வருஷத்தில் 30 நாளாவது வேலை செய்த, சட்டம் வைத்த சம்பள வரம்புக்குள் வரும் எல்லோருக்கும் அது உண்டு. லாபமோ நஷ்டமோ கொடுத்தாக வேண்டும். உங்கள் கட்டடத்தில் பத்துப் பேர்தானே என்று ஏஜென்சி சொல்ல முடியாது. அந்த ஏஜென்சிக்கு ஊர் முழுக்க எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்பதுதான் கணக்கு.

ஆக, 'ஏஜென்சி கொடுக்கும்' என்று உங்கள் கணவர் சொல்வது சட்டப்படி சரி. கையில் போய்ச் சேருகிறதா என்பதுதான் கேள்வி.

எங்கள் குடியிருப்பில் இரண்டு வருஷம் நான் பொருளாளராக இருந்தேன். முதல் வருஷம் செக்யூரிட்டி ஏஜென்சியின் மாதப் பில்லைப் பிரித்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி, பி.எஃப்., இ.எஸ்.ஐ., லீவு சம்பளம், யூனிஃபார்ம், அதற்குக் கீழே 'போனஸ் 8.33%', அப்புறம் சர்வீஸ் சார்ஜ், எல்லாவற்றுக்கும் மேலே 18 சதவீத ஜி.எஸ்.டி. போனஸை மாதாமாதம் எங்களிடம் வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்! அன்று ராத்திரி கேட்டில் இருந்த அண்ணனிடம், "போன தீபாவளிக்கு போனஸ் எவ்வளவு வந்தது?" என்று கேட்டேன். "போனஸா சார்? ஒரு ஸ்வீட் பாக்ஸ் குடுத்தாங்க" என்றார். அவர் எங்கள் கட்டடத்தில் நாலு வருஷமாக இருந்தவர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது விடியற்காலை நாலு மணிக்கு வீடு வீடாகத் தட்டி எங்களை எழுப்பி, கீழே நின்ற வண்டிகளை மேட்டுக்குக் கொண்டுபோக வைத்தவரும் அவர்தான். சம்ப் மூடியைச் சுற்றி மணல் மூட்டை போட்டு, வெள்ளத் தண்ணீர் குடிதண்ணீரில் கலக்காமல் காப்பாற்றினார். அவருக்குப் போக வேண்டிய பணத்தை நாங்கள் மாதாமாதம் கட்டியும், அது அவர் கைக்குப் போகவில்லை என்று தெரிந்தபோது எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

உங்கள் கட்டடத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவருக்குப் பில்லில் சம்பளம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 8.33 சதவீதம் ஏறக்குறைய 1,000 ரூபாய். பத்துப் பேருக்கு மாதம் 10,000, வருஷத்துக்கு 1,20,000 ரூபாய். 64 வீடுகளுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 1,875 ரூபாய். தீபாவளி வசூலாக நீங்கள் கொடுத்த 1,000 ரூபாயைவிட இது அதிகம், அதுவும் மெயிண்டனன்ஸிலேயே ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிற பணம். ஆளுக்கு 12,000 ரூபாய், அதாவது ஒரு மாதச் சம்பளம். வீட்டுக்கு வீடு 200 ரூபாய் கொடுப்பதைவிட இந்தப் பணம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தாலே அவர்கள் குடும்பத்துக்குப் பெரிய காரியம்.

நாங்கள் செய்தது இதுதான். அக்டோபர் பில்லோடு, போன வருஷ போனஸ் ஒவ்வொருவர் வங்கிக் கணக்கிலும் வரவு வைக்கப்பட்டதற்கான ஆதாரமும் வேண்டும் என்று அசோசியேஷன் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் கொடுத்தோம். சண்டை போடவில்லை, ஏஜென்சியை மாற்றுவோம் என்று மிரட்டவும் இல்லை. இரண்டு வாரத்தில் பணம் ஏறிவிட்டது. வாடகைக்கு இருக்கிறவருக்கு அசோசியேஷன் கூட்டத்தில் ஓட்டு இல்லாமல் இருக்கலாம், ஆனால் செக்ரெட்டரியிடம் "பில்லில் போனஸ் வரி இருக்கிறதா?" என்று கேட்க யார் அனுமதியும் வேண்டாம். உங்கள் வீட்டு ஓனரையும் கேட்கச் சொல்லுங்கள். கேட்கிறபோதே பி.எஃப்., இ.எஸ்.ஐ. ஒழுங்காகக் கட்டுகிறார்களா என்றும் பார்த்துவிடுங்கள். இ.எஸ்.ஐ. கார்டு கையில் இல்லாத செக்யூரிட்டிக்கு ஒரு எலும்பு முறிவு வந்தால், பத்து தீபாவளி இனாமும் அதில் கரைந்துவிடும்.

சரி, அப்படியானால் இனாம் வேண்டாமா? வேண்டும். போனஸ் முதலாளி கொடுக்க வேண்டிய பணம். இனாம், அவர்களை வருஷம் முழுக்கப் பார்க்கிற நாம் மனசார வைத்துக் கொடுப்பது. ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் குறைக்கக் கூடாது.

தொகைக்கு வருகிறேன். வேலை செய்யும் அக்காவுக்கு ஒரு மாதச் சம்பளம் கொடுத்தீர்கள். அதில் கை வைக்காதீர்கள், சென்னையில் பல வீடுகளில் அதுதான் வழக்கம். அவரும் அந்தப் பணத்தை நம்பித்தான் பிள்ளைகளுக்குத் துணி எடுப்பார். அசோசியேஷன் வசூலை 1,000-லிருந்து 1,500 ஆக்கச் சொல்லிப் பாருங்கள். 64 வீடும் கொடுத்தால் 96,000 ரூபாய், பத்துப் பேருக்கு ஆளுக்கு 9,600. வீடு வீடாகத் தனித்தனியே கொடுப்பதைவிடப் பொது வசூல்தான் எனக்குப் பிடித்த வழி. 64 கதவின் முன்னாலும் போய் சல்யூட் அடித்து நிற்க வேண்டிய நிலை அவர்களுக்கு வராது. ஆனால் பிரித்துக் கொடுக்கும்போது கவனம் வேண்டும். ஏஜென்சி சூப்பர்வைசர் கையில் மொத்தமாகக் கொடுக்கவே கூடாது. ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து, வவுச்சரில் கையெழுத்து வாங்கி, பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட வேண்டும். வார லீவுக்கு மாற்றாக வரும் ரிலீவரை மறக்கக் கூடாது. மூன்று மாதம் முன்பு சேர்ந்தவருக்கு அதற்கேற்ற பங்கு. ஒன்பது மாதம் நம் கேட்டில் நின்றுவிட்டு செப்டம்பரில் வேறு சைட்டுக்கு மாற்றப்பட்டவரையும் கூப்பிட்டுக் கொடுங்கள். அந்த மனுஷர் எதிர்பார்த்தே இருக்க மாட்டார்.

பொது வசூல் போக, உங்கள் வீட்டுக்கு நேரடியாக உதவுகிறவர்களுக்குத் தனியாகக் கொடுங்கள். அந்த மாடிப்படி அம்மாவுக்கு 501, ராத்திரி டூட்டி அண்ணனுக்கு 501, கார் துடைப்பவர் இருந்தால் அவருடைய ஒரு மாதக் கூலி. குப்பை எடுக்கும் மாநகராட்சிப் பணியாளர் இரண்டு பேர் என்றால் ஆளுக்கு 200. பால், பேப்பர் போடுகிறவர்களுக்கு 100, 100 போதும். கார் துடைப்பவருக்கு 500 வைத்தாலும் எல்லாம் சேர்த்து 7,600 ரூபாய்க்குப் பக்கத்தில்தான் வரும். போன வருஷத்தைவிடக் கிட்டத்தட்ட 3,800 ரூபாய் குறைவு. ஆனால் உழைத்தவர்களுக்குப் போன முறையைவிட அதிகமாகப் போயிருக்கும். முகமே தெரியாத ஒருவர் 'தீபாவளி காசு' என்று வந்து நின்றால், "நாங்கள் அசோசியேஷன் மூலமாகக் கொடுத்துவிட்டோம்" என்று மரியாதையாகச் சொல்லலாம். குற்ற உணர்ச்சி தேவையில்லை.

ஸ்வீட் பாக்ஸ் பற்றி எனக்குக் கொஞ்சம் பிடிவாதமான கருத்து உண்டு. 64 வீட்டிலிருந்தும் வரும் மைசூர்பாகும் லட்டும் கேட் ரூமில் எறும்பு மொய்த்துக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் சுட்ட முறுக்கும் அதிரசமும் நாலைந்து கொடுங்கள், அதில் அன்பு இருக்கிறது. கடையில் வாங்கும் அட்டைப்பெட்டிக்கான பணத்தைக் கவரில் போட்டுவிடுங்கள்.

எப்போது கொடுப்பது என்பதும் முக்கியம். தீபாவளி அன்று காலையில் கொடுக்கும் 500 ரூபாயை வைத்துத் துணி எடுக்க முடியாது. இரண்டு வாரம் முன்பே கொடுங்கள். உங்கள் செக்யூரிட்டியில் பாதிப் பேர் பீகார், ஒடிசா, அசாம், நேபாளத்துக்காரர்களாக இருந்தால் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நேபாளிக்குப் பெரிய பண்டிகை தசைன், அது தீபாவளிக்கு முன்பே வந்துவிடும். பீகார்க்காரருக்கு தீபாவளி முடிந்து வரும் சட் பூஜை. ரயிலில் 60 நாள் முன்பே முன்பதிவு திறந்துவிடுவதால், ஊருக்குப் போகிறவருக்கு டிக்கெட் எடுக்கிற நேரத்தில் பணம் கிடைத்தால்தான் பிரயோஜனம். ரம்ஜானும் கிறிஸ்துமஸும் கொண்டாடுகிறவர்களிடமும் இதையே கேளுங்கள். எங்கள் ஹவுஸ்கீப்பிங் அக்கா ஒருவர், "ஜூன்ல ஸ்கூல் திறக்கறப்ப குடுங்கம்மா" என்று என் மனைவியிடம் கேட்டு வாங்கிக்கொள்வார். பணமாகக் கையில் கொடுப்பதே நல்லது. ஜி-பே எண் சில நேரம் இன்னொருவருடையதாக இருக்கும்.

இனாமோடு சேர்த்து இன்னொன்றும் செய்யலாம். அவர்களுக்கு வங்கிக் கணக்கு இருந்தால், பிரதமர் விபத்துக் காப்பீட்டுத் திட்டத்தில் வருஷத்துக்கு 20 ரூபாய்தான், 2 லட்சம் ரூபாய் காப்பீடு. 50 வயதுக்குள் சேர்ந்தால் ஆயுள் காப்பீடு 436 ரூபாய், அதுவும் 2 லட்சம். பணம் அவர்கள் கணக்கிலிருந்துதான் பிடிப்பார்கள். அந்த 456 ரூபாயை நீங்கள் கொடுத்து, ஃபார்ம் நிரப்ப உதவினால் போதும். இது கொடுப்பதற்குப் பதிலாக அல்ல, கொடுப்பதோடு சேர்த்து.

உங்கள் பட்ஜெட்டுக்கு, மாதம் 650 ரூபாய் வீதம் ஒரு வங்கி ஆர்.டி. 12 மாதத்துக்குப் போடுங்கள். அக்டோபரில் முதிர்கிற மாதிரி தொடங்கினால் 7,800 ரூபாயும் வட்டியும் கையில் இருக்கும், கிரெடிட் கார்டைத் தொட வேண்டாம். போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. ஐந்து வருஷத்துக்கானது, இதற்குச் சரிவராது. தெருவில் நடத்தும், பதிவு இல்லாத தீபாவளிச் சீட்டில் தயவுசெய்து போடாதீர்கள். வேலை செய்யும் அக்கா போட்டிருந்தால் அவரிடமும் பேசிப் பாருங்கள்.

கடைசியாக, இந்த வருஷத்துக்கு மட்டும் ஒரு விஷயம். 2026-ல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. பல ஏஜென்சிகள் முந்தின மாதச் சம்பளத்தை 7-ம் தேதியிலிருந்து 10-ம் தேதிக்குள்தான் போடுவார்கள். அதாவது அக்டோபர் மாதச் சம்பளமே சிலருக்குப் பண்டிகை முடிந்துதான் வரும். ஏன் தாமதம் என்று கேட்டால், அசோசியேஷனிடமிருந்து பில் பணம் இன்னும் வரவில்லை என்பார்கள். பல இடங்களில் அது உண்மையும்கூட, வீடுகள் மெயிண்டனன்ஸ் கட்டாமல் இழுப்பதால் பில் தேங்குகிறது. இப்போதே செக்ரெட்டரியிடம் பேசுங்கள். அக்டோபர் 31-க்குள் ஏஜென்சிக்குப் பணம் போய்விட வேண்டும், நவம்பர் 3-க்குள் பத்துப் பேர் கணக்கிலும் சம்பளம் ஏற வேண்டும் என்று எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். அதற்கு உங்கள் வீட்டு மெயிண்டனன்ஸும் அக்டோபர் 25-க்குள் போய்ச் சேர வேண்டும். உங்கள் வீட்டில் அதைக் கட்டுவது நீங்களா, ஓனரா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.